மூடிய கதவில் நின்ற கேமரா

"டீச்சர், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் எடுத்தேன். இப்ப எம் பொண்ணு கல்யாணமே நின்னுடும் போல இருக்கு."

போனில் மருதையின் குரல் உடைந்திருந்தது. அடுப்பில் பொங்கிய பாலை இறக்கிவைக்கக்கூடத் தோன்றாமல் இளவேனில் அப்படியே நின்றாள். பால் வழிந்து அடுப்பை அணைத்தது. ஒருவர் வீடியோ எடுத்ததற்கும் ஒரு கல்யாணம் நிற்பதற்கும் என்ன சம்பந்தம்? திரும்பத் திரும்பக் கேட்டும் அவர் சொன்னதில் பாதிதான் புரிந்தது. துறையூர் சம்பந்தி வீட்டார் நிச்சயதார்த்த வீடியோவைப் பார்த்துவிட்டார்களாம். பெண்ணுக்கு இந்த இடத்தில் இஷ்டமில்லை, மனதில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்களாம். அச்சுக்குக் கொடுத்த கல்யாணப் பத்திரிகையையும் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் உறையூருக்கு வருகிறார்கள். வீடியோ சொல்லிக்கொடுத்த டீச்சரே வந்து பார்த்து, பெண் சோகமாக இருந்தாளா, கேமரா அப்படிக் காட்டியதா என்று சொல்லட்டும். அந்த வார்த்தையை ஏற்றுக்கொள்கிறோம் என்றார்களாம்.

போனை வைத்த பிறகு இளவேனில் வழிந்த பாலைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் வாழ்க்கை தன் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டதே என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கை ஓடவில்லை.

இளவேனிலுக்கு வயது நாற்பத்து நான்கு. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். திருச்சியில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் எடிட்டிங் அறையில் வாழ்க்கையின் பாதியைக் கழித்தவள். எத்தனையோ பேருடைய தாலிகட்டைத் திரையில் பார்த்திருக்கிறாள். ஒரு பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு, உறையூரில் ஒரு தையல் கடைக்கு மேலே உள்ள மாடி ஹாலில் ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறாள். வருகிறவர்கள் யாரும் தொழில்காரர்கள் அல்ல. பேரனின் காதுகுத்தை எடுக்க ஆசைப்படுகிறவர், சமையலைப் படம்பிடித்துப் போடுகிற பெண்கள், போன மாதம் கேமரா வாங்கிவிட்டு அதை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்று முழிக்கிறவர்கள்.

அவர்களுக்கு அவள் எந்திரத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. உணர்ச்சியைப் பற்றித்தான் பேசுவாள். கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் எதிரில் இருப்பவர் சின்னவராகி, பாவமாகத் தெரிவார். இடுப்புக்குக் கீழே இறக்கினால் அதே ஆள் கம்பீரமாகிவிடுவார். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் விட்டால் முகம் இருண்டுபோகும். அதே ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் கன்னம் பூக்கும். சந்தோஷமான ஆளோடு சேர்ந்து நடங்கள், துக்கத்தில் இருக்கிறவரை நின்ற இடத்திலிருந்து பாருங்கள் என்பாள். ஆள் போன பிறகும் கேமராவை எடுக்காதீர்கள், காலி இடமும் பேசும் என்பாள்.

மருதை அந்த வகுப்பின் மூத்த மாணவர். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்றவர்களுக்குக் கேமரா நடுங்கும், அவருக்கு நடுங்காது. ஏனென்று கேட்டால், ஸ்பீடு பிரேக்கரில் நிறைமாதக் கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி கையைக் கொண்டுபோக வேண்டும் என்று விளக்கம் சொல்வார். வகுப்பே சிரிக்கும்.

ஒரு நாள் எல்லோரையும் அம்மா மண்டபம் படித்துறைக்கு அழைத்துப் போயிருந்தாள். ஒரு பக்கம் தர்ப்பணம் கொடுக்கிறவர்கள், இன்னொரு பக்கம் புதுமணத் தம்பதிகள். அழுகையும் சிரிப்பும் ஒரே படியில் நனைகிற இடம். குளித்துவிட்டு ஈர வேட்டியைப் பிழிகிற ஒருவரைக் காட்டி, இவரையே ஒருமுறை சந்தோஷமாகவும் ஒருமுறை சோகமாகவும் எடுங்கள் என்றாள். அவரை நடிக்கச் சொல்லக் கூடாது, கேமராதான் நடிக்க வேண்டும். மருதை எடுத்த சோகத்தை எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். பிழிந்த தண்ணீர் படியில் சொட்டுவதும், அந்த மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போவதும், அவர் போன பிறகு அந்த ஈரப்படி மட்டும் அப்படியே கிடப்பதும். ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அந்த மனிதர் என்னவோ மாமியார் வீட்டு விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

"அண்ணே, உங்களுக்குச் சோகம் பிரமாதமா வருது" என்று இளவேனில் வாய்விட்டுப் பாராட்டினாள். மருதை வெட்கத்தோடு தலையைத் தடவிக்கொண்டார்.

அந்தப் பாராட்டுத்தான் வினையாக வந்து முடிந்தது. மகள் யாழினியின் நிச்சயதார்த்தத்துக்கு வெளியாள் யாரும் வீடியோ எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அவர். பெற்ற மகளுக்குத் தன் கையாலேயே ஒரு படம். அதில் எதைப் போடுவார்? டீச்சர் எதைப் பிரமாதம் என்றாளோ அதைத்தானே போடுவார்!

மறுநாளே இளவேனில் உறையூர் போனாள். மருதையின் மனைவி ராக்கம்மாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டாள். மருதை டிவியில் வீடியோவைப் போட்டார். போட்டுவிட்டு டிவியைப் பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் காட்சியிலேயே இளவேனிலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கூட்டம் மறைத்ததால் மருதை பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்திருக்கிறார். கீழே, சுற்றிலும் தலைகள். நடுவில் ஜமுக்காளத்தில் யாழினி, காட்டில் வழிதவறிய குழந்தை மாதிரி. பின்னால் ஜன்னல், முகம் இருட்டு. அடுத்து, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருக்கும் விரல்கள், திரை முழுக்க. பிறகு மாப்பிள்ளை வீட்டார் நிச்சயப் புடவையைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். வழக்கப்படி அதை வாங்கிக்கொண்டு பெண் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வர வேண்டும். யாழினி தட்டோடு எழுந்து நீளமான நடைபாதையில் போகிறாள். கேமரா கூடப் போகவில்லை. நின்ற இடத்தில் நிற்கிறது. அவள் சின்னதாகிச் சின்னதாகி, ஓர் அறைக்குள் நுழைகிறாள். கதவு மூடுகிறது. மூடிய கதவிலேயே கேமரா நிற்கிறது, நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது. அத்தோடு படம் முடிந்துவிட்டது. புதுப்புடவையில் பெண் வெளியே வரவேயில்லை.

போதாததற்கு இதற்கெல்லாம் பின்னணியாக ஷெனாய் அழுதது.

அதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டாள். போனில் இலவச இசை கிடைக்கிற இடத்தில் 'கல்யாணம்' என்ற தலைப்பின் கீழ் இருந்ததாம். வடக்கே அது மங்கல வாத்தியம்தான். ஆனால் நம் ஊரில் ஷெனாய் கேட்டால் சினிமாவில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதானே அர்த்தம்? துறையூர்க்காரர்கள் பாவம், வீட்டு டிவியில் சொந்தபந்தத்தோடு உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறார்கள். சமையலறைப் பெண்கள்கூடக் கரண்டியோடு வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

"புதுப்புடவையோட பொண்ணு வர்றதை ஏண்ணே எடுக்கல?"

"பேட்டரி தீந்துடுச்சு டீச்சர்" என்றார் மருதை, தரையைப் பார்த்துக்கொண்டு.

சமையல்கட்டு வாசலில் ராக்கம்மாளின் வளையல் குலுங்கியது.

வெட்டாத மூலப்பதிவு முழுவதையும் வாங்கிக்கொண்டு இளவேனில் ஸ்ரீரங்கம் திரும்பினாள். சுலபமான வேலை என்றுதான் நினைத்தாள். இசையை எடுத்துவிட்டு, வரிசையை உடைத்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பெண்ணின் உண்மையான முகம் தெரிந்துவிடும். அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இசையை எடுத்ததும் நடைபாதைக் காட்சி ஏதோ அவசரமாகப் பாத்ரூம் போகிற பெண்ணைப் போல ஆகிவிட்டது. பின்னால் யாரோ, பால் இல்லாத காபி ஒன்று என்று கத்துகிறார்கள். முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள். உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. மறுபடி ஓட்டினால் அது சிரிப்பு இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு தடவை பார்த்தபோது பல்வலிக்காரி போல இருந்தது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திறந்து பார்த்தால், ஐயோ, எல்லாவற்றையும் பறிகொடுத்த முகம். எது நிஜம்? ஆயிரம் மணப்பெண்களின் முகத்தை வெட்டி ஒட்டியவளுக்கு இந்த ஒரு முகம் பிடிபடவில்லை.

அவளுக்குப் பயம் வந்தது. பயத்துக்குக் காரணம் இருந்தது.

அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. லால்குடிப் பக்கத்து மாப்பிள்ளை. வேண்டாம் வேண்டாம் என்று விடியும்வரை மண்டபத்து அறையில் அழுதாள். வீங்கிய கண்ணுக்கு மேல் பவுடர் பூசி மணவறையில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். வீடியோக்காரர் கெட்டிக்காரர். திடீரென்று மேளம் கொட்டியதில் திடுக்கிட்டு அவள் முகத்தைத் திருப்பினாள். அந்த ஒரு நொடியைப் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, மேலே பூ உதிரவைத்து, வெட்கத்தில் பூரித்துப்போன மணப்பெண்ணாக மாற்றிவிட்டார். மூன்றே வருஷத்தில் உடம்பெல்லாம் காயத்தோடு பிறந்த வீட்டுக்கு வந்து நின்றபோது, உறவுக்காரர்கள் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார்கள். யாரோ அந்த சிடியைப் போட்டார்கள். பாரும்மா, எவ்வளவு ஆசையோடு உட்கார்ந்திருக்கிறாய், இந்த மனுஷனைப் பிடிக்கவில்லை என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள் என்றார்கள்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த சிடியைப் பார்க்கப் பார்க்க, அன்றைக்கு நான் நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தேனோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பூரிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டுதான் எடிட்டிங் அறைக்குள் நுழைந்தாள். தொழிலாகப் போனதே தவிர தேடல் தீரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், எதிர்பாராமல் யாழினியே வந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் பிடித்து, முகவரி விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாதாம். வேர்த்து விறுவிறுத்து நின்றவளுக்கு இளவேனில் மோர் கொடுத்தாள். நேரில் பார்த்தாலும் அந்த முகம் அப்படியேதான் இருந்தது. எழுதாத பலகை மாதிரி.

யாழினி தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். அவளே சொன்னாள், அந்த வேலையில் முதலில் கற்றுக்கொடுப்பது முகத்தைத்தானாம். எந்திரத்திலிருந்து எழுந்து வருகிற நோயாளி முதலில் டெக்னீஷியனின் முகத்தைத்தான் பார்ப்பார். புருவம் கொஞ்சம் சுருங்கினாலும் ஐயோ நமக்கு ஏதோ இருக்கிறது என்று உடைந்துபோவார். சிரித்தாலும் ஆபத்து, ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் யாராவது உற்றுப் பார்த்தால் போதும், தன் முகம் தானாகவே துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. நிச்சயதார்த்தத்தன்று ஊரே உற்றுப் பார்த்தது என்றாள்.

"தலைப்பைத் திருகிட்டே இருந்தியேம்மா?"

"ஊக்கு குத்திட்டு இருந்துச்சு மேடம். அதைத்தான் சரி பண்ணிட்டு இருந்தேன்."

இளவேனிலுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாடா என்று இருந்தது. அப்படியானால் எல்லாம் கேமரா செய்த வேலைதான். ஞாயிற்றுக்கிழமை போய்த் தைரியமாகச் சொல்லிவிடலாம். ஆனால் யாழினி போவதற்கு எழுந்திருக்கவில்லை. காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"மேடம், நான் ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். அன்னைக்கு நான் நல்லாத்தான் இருந்தேன்னு நெனச்சுட்டு இருந்தேன். அப்பா எடுத்ததைப் பார்த்ததும் எனக்கே அழுகை வந்துடுச்சு. அந்தப் பொண்ணு பாவம்னு தோணுச்சு. நான் சோகமா இருந்தேனா மேடம்? நீங்கதானே இதெல்லாம் படிச்சவங்க, நீங்க சொல்லுங்க."

இருபது வருஷத்துக்கு முன்னால் தான் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி தன் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பதை இளவேனில் பார்த்தாள். அந்தப் பையனைப் பிடித்திருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள். பிடிக்கவில்லை என்று சொல்ல ஒன்றுமில்லை என்றாள் யாழினி. பிடித்திருக்கிறதா என்று மறுபடி கேட்டாள். பிடித்திருக்கிறது என்று சொல்லவும் ஒன்றும் தெரியாதே என்றாள். போனில் பேசினால் பக்கத்தில் அம்மா, அந்தப் பக்கம் அவர் அம்மா. சாப்பிட்டாச்சா, மழை பெய்ததா. அவ்வளவுதான் இதுவரை பேசியது. வேறு யாரும் மனதில் உண்டா என்பதற்கு, அதற்கெல்லாம் எங்கே மேடம் நேரம் என்று அலுத்துக்கொண்டாள். அது மட்டும் தெளிவாக இருந்தது.

அவள் போன பிறகு இளவேனில் முன்பிருந்ததைவிட அதிகமாகக் குழம்பினாள். சந்தோஷம் இல்லை என்று சொல்ல முடியாது. சோகம் என்றும் சொல்ல முடியாது. இரண்டும் இல்லாத ஒன்றுக்கு எந்த உயரத்தில் கேமராவை வைப்பது?

ஞாயிறு பிற்பகல் மருதையின் கூடம் நிறைந்திருந்தது. துறையூரிலிருந்து மாப்பிள்ளையின் தாய் பவுனம்மாள், அவர் பக்கத்துப் பெரியவர்கள் சிலர், ஓரமாக மாப்பிள்ளை செந்தமிழன். துறையூர் கடைவீதியில் விதைக்கடை வைத்திருக்கும் பையன். உயரமானவன், உயரத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவன் போலக் குனிந்தே உட்கார்ந்திருந்தான். அறை வாசலில் யாழினி நின்றாள். வடையும் கேசரியும் யாரும் தொடாமல் ஆறிக்கொண்டிருந்தன.

பவுனம்மாள் கெட்டவர் இல்லை. மனதில் இருப்பதை அப்படியே கொட்டிவிடுகிறவர். இஷ்டமில்லாத பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் என் வீட்டில் விளக்கேற்றச் சொல்ல மாட்டேன், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்டு இளவேனிலுக்கு அவர்மேல் மரியாதைதான் வந்தது.

டிவியில் வீடியோவை ஓடவிட்டு, அங்கங்கே நிறுத்தி அவள் விளக்கினாள். பெண் சின்னதாகத் தெரிவது நாற்காலி மேலிருந்து எடுத்ததால். முகம் இருண்டது ஜன்னலால். விரல்கள் ஊக்கால். பெரியவர் ஒருவர் நம்பவில்லை. உடனே இளவேனில் தன் போனை எடுத்து, அவரையே மேலிருந்து ஒருமுறையும் தரையில் உட்கார்ந்து ஒருமுறையும் எடுத்துக் காட்டினாள். முதலில் பென்ஷன் வராத ஆள் மாதிரியும், அடுத்ததில் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரியும் தன்னைப் பார்த்த அவர் இரண்டாவதை அனுப்பிவைக்கச் சொன்னார். கூடத்தில் இறுக்கம் தளர்ந்தது. கைகள் கேசரிப் பக்கம் நகர்ந்தன.

மூடிய கதவு வந்தது. இதற்கு என்ன சொல்கிறாய் என்பதுபோல் பவுனம்மாள் திரும்பினார். பேட்டரி தீர்ந்துபோனது என்று மருதை முணுமுணுத்தார்.

"பேட்டரியெல்லாம் ஒண்ணும் தீரல" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. ராக்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்தாள். "இவருதான் கேமராவை அணைச்சுட்டுக் கொல்லைப்பக்கம் போயி, தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி நின்னு அழுதுட்டு இருந்தாரு. எம் புள்ள வேற வீட்டுப் புடவையில வர்றதைப் பார்க்க என்னால முடியலடின்னாரு. முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், சம்பந்தி. அழுது நான் பார்த்ததில்ல."

மருதை துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்த அகன்ற தோள்கள் குலுங்கின. அந்தப் படத்தில் அழுதுகொண்டிருந்தது யார் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிற்று. பவுனம்மாளே எழுந்துபோய் ராக்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். பெற்ற பாசத்தைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே என்று கண் கலங்கினார். பத்திரிகை அச்சடிக்க இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று பெரியவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். முடிந்திருந்தால் இளவேனில் இரண்டு வடை சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பாள். ஆனால் பவுனம்மாள் அவள் பக்கம் திரும்பினார். மனநிறைவோடு, சிரித்த முகத்தோடுதான் கேட்டார்.

"எம்மா, இவ்வளவு விவரமாச் சொன்னீங்க. பொண்ணு அன்னைக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சுன்னு அந்த ஒரு வார்த்தையையும் உங்க வாயால சொல்லிடுங்க. எம் மனசு குளுந்துடும்."

ஒரே ஒரு வார்த்தை! சொல்லிவிட்டால் என்ன? மருதை துண்டை விலக்கி, கெஞ்சுகிற கண்களோடு பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். இளவேனில் யாழினியைப் பார்த்தாள். யாழினியின் முகம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தான் ஆம் என்று சொன்னால் அதுவே சாட்சியாகிவிடும். நாளைக்கு இந்தப் பெண் எங்கேயாவது தடுமாறி நின்றால், வீடியோ படித்த டீச்சரே அன்றைக்குச் சொன்னாரே என்பார்கள். பூ உதிர்கிற ஒரு சிடியைத் தன் கையாலேயே தயாரித்துக் கொடுப்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

"சோகத்தைக் கேமரா போட்டுச்சுன்னு என்னால சொல்ல முடியும்ங்க. அதை எடுத்துட்டா அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நானும் அஞ்சு நாளாப் பார்க்கறேன், குழம்பித்தான் போயிருக்கேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லக் கூடாது."

இவ்வளவு நேரம் கட்டியதை இவளே இடிக்கிறாளே என்று யாரோ முனகினார்கள். வாசலில் நின்ற யாழினி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எனக்கும் தெரியலங்க அத்தை" என்றாள். "பிடிக்கலன்னு இல்ல. சந்தோஷமா இருக்கேன்னு சொல்றதுக்கு எனக்கு அவரைத் தெரியவே தெரியாது."

ராக்கம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பவுனம்மாளின் முகம் சிவந்து கறுத்தது. நிச்சயம் முடிந்து பாக்கு மாற்றிய பிறகு இப்படி ஒரு பேச்சா என்று பெரியவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அந்தக் களேபரத்தில் ஓரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. செந்தமிழன் பேசி அன்று யாரும் கேட்டிருக்கவில்லை.

"அவங்க முகத்தையாவது இத்தனை பேரு பார்த்தீங்க. அந்த வீடியோவுல நான் எங்கேயாவது இருக்கேனா? என் முழங்கை ஒரு இடத்துல வருது. அது சந்தோஷமா இருக்கா சோகமா இருக்கான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

நிஜம்தான். அந்தப் படம் முழுக்க மகளைத் தவிர மருதைக்கு வேறு யாரும் தெரியவே இல்லை. ஜமுக்காளத்தின் விளிம்பில் பச்சைச் சட்டை போட்ட ஒரு முழங்கை மட்டும் வந்துபோகிறது.

யாழினி சிரித்துவிட்டாள். அடக்க முயன்று முடியாமல், சுவரில் சாய்ந்து சிரித்தாள். பிறகு, அந்த முழங்கைக்கு என்னதான் தோன்றியது என்று அவனிடமே நேராகக் கேட்டாள்.

"குழப்பமாத்தாங்க இருந்துச்சு" என்றான் செந்தமிழன். "உங்களை மாதிரியே."

பத்திரிகை அன்றைக்கு அச்சுக்குப் போகவில்லை. இரண்டு பேரும் பேசிப் பார்க்கட்டும், ஆடி கழியட்டும் என்று அரைமனதாக முடிவாயிற்று. பவுனம்மாள் புறப்படும்போது இளவேனிலிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நல்லா இருந்த குடும்பத்தைக் டீச்சர் குழப்பிவிட்டார் என்று வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னது அவள் காதில் விழுந்தது. மருதையும் தலை நிமிரவில்லை. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது, தான் செய்தது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் இளவேனில் தேம்பித் தேம்பி அழுதாள். பக்கத்து சீட்டுப் பெண், ஊருக்குப் புதுசா என்று விசாரித்தாள்.

அதற்கப்புறம் ஞாயிறுகளில் மருதையின் நாற்காலி காலியாகவே கிடந்தது. கேமராவை விற்றுவிட்டார் என்றார்கள். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் இளவேனில் ஓடிப்போய் எடுத்தாள்.

ஆவணி பிறந்து சில நாட்களில் யாழினி பேசினாள். செந்தமிழன் வாரத்துக்கு ஒரு நாள் கடையடைத்துவிட்டுத் திருச்சி வருகிறானாம். ஸ்கேன் சென்டருக்கு எதிரில் டீக்கடையில் நின்றுகொண்டே பேசுவார்களாம். சண்டைகூட ஒன்று போட்டாயிற்றாம். நேற்று இரண்டு வீட்டிலும் சரி என்று சொல்லிவிட்டாளாம்.

"இப்பத் தெளிவாயிடுச்சாம்மா?"

"முழுசா இல்ல மேடம். ஆனா, தெரியலன்னு அவர்கிட்டயே சொல்ல முடியுது. அதுக்கப்புறம் பயமா இல்ல."

இளவேனில் போனை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இல்லாமல் போனதே என்ற துக்கமா, இந்தப் பெண்ணுக்காவது வாய்த்ததே என்ற நிறைவா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு மருதை மாடிப்படி ஏறி வந்தார். கேமராவை விற்கவில்லை, பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாராம். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு நீட்டினார். பிறகு தயங்கித் தயங்கி, முகூர்த்தத்தன்று கேமராவை எந்த உயரத்தில் வைத்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டார்.

இளவேனில் பத்திரிகையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். "அன்னைக்கு உங்க கையில கேமரா வேண்டாம்ணே. வேற ஆளை வெச்சுக்கலாம். நீங்க பொண்ணோட அப்பாவா நில்லுங்க."

மருதை தன் வெறுங்கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கேமரா இல்லாம அங்க நான் என்னங்க டீச்சர் பண்றது?"

"அழணும்னா அழுங்க. சிரிக்கணும்னா சிரிங்க."

"ரெண்டும் சேந்து வந்தா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பி, பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கீழே தையல் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அது தெரியவில்லை.